மிதப்பதும் மூழ்குவதும்: மலம் பற்றி ஒரு கேள்வியும் அதன்பின் குவிந்த குறிப்புகளும்

வாசகர் கேள்வி, 02.02.2025

எனக்கு வயது 46. இரண்டு மாதங்களாக மலம் கழிவறைக் கோப்பையில் மிதக்கிறது. தண்ணீர் விட்டாலும் ஒரே முறையில் போவதில்லை. செரிமானம் நன்றாக இருந்தால்தான் மலம் மிதக்கும் என்று ஓர் ஆயுர்வேத மருத்துவர் காணொளியில் சொல்கிறார். மிதந்தால் கணையம் பழுதாகிவிட்டது என்று ஓர் அலோபதி மருத்துவர் வேறொரு காணொளியில் சொல்கிறார். இருவரும் அவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள். வயிற்று வலி இல்லை, பசி நன்றாக எடுக்கிறது. யாரை நம்புவது?

03.02.2025, காலை

இருவரும் சொல்வதில் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. இருவரும் சொல்லாமல் விட்டது காற்று. நான் மருத்துவன் அல்லன். மருத்துவ ஆய்வகங்களில் 31 ஆண்டுகள் நுட்பநராக இருந்து, காலை ஏழு மணிக்கு முதல் வேலையாக மற்றவர்களின் மலத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தவன். அந்த உரிமையில் மட்டுமே எழுதுகிறேன்.

ஆமம் கலந்த, அதாவது சரியாகச் செரிக்காத, மலம் நீரில் மூழ்கும் என்றும் செரித்த மலம் மிதக்கும் என்றும் ஆயுர்வேதத்தில் ஒரு விதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த விதியோடு ஒரு விலக்கும் சேர்ந்தே வருகிறது: மலம் மிகவும் நீர்த்திருந்தாலோ, இறுகியிருந்தாலோ, கபம் கலந்திருந்தாலோ இந்தச் சோதனை செல்லாது. காணொளியில் விதி மட்டும் வந்து விலக்கு வெட்டப்பட்டிருக்கிறது. மறுபக்கம், கணையம் பழுதானால் கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு வெளியேறும், அதுதான் கொழுப்பு மலம்; மிதக்கும் மலம் என்றால் கொழுப்பு மலம் என்று மருத்துவக் கல்லூரிகளிலும் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1972-இல் அமெரிக்காவில் மைக்கேல் லெவிட்டும் வில்லியம் டுவேனும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மிதந்த மலத்தின் மீது அழுத்தம் கொடுத்து உள்ளே சிக்கியிருந்த வாயுவைச் சுருக்கியபோது அது மூழ்கிவிட்டது. மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம், பெருங்குடல் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வாயு என்று அவர்கள் எழுதினார்கள். பூரி எண்ணெயில் மேலே வருவது அதில் எண்ணெய் ஊறியதால் அன்று, உள்ளே ஆவி நிறைந்ததால்தான் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே பசியும் எடையும் சரியாக இருக்கும் ஒருவருக்கு மலம் மிதப்பதை மட்டும் வைத்துக் கணையத்தைப் பற்றிக் கவலைப்பட இடமில்லை.

03.02.2025, இரவு

காலையில் எழுதியதில் ஒரு குறை. "எடை சரியாக இருக்கும்" என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். கேள்வியில் எடை பற்றி ஒரு சொல்லும் இல்லை. வலி இல்லை, பசி எடுக்கிறது, அவ்வளவுதான் இருக்கிறது. நண்பர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மையான கொழுப்பு மலம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அது வெளிறி, அளவில் மிகுந்து, குழைந்து, பளபளப்பாக இருக்கும். நாற்றம் வழக்கமான நாற்றமாக இராது, ஊசிப்போன எண்ணெயின் வாடை அடிக்கும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வட்டமாகப் பரவும். கோப்பையில் ஒட்டிக்கொண்டு துடைப்பானுக்கு வேலை வைக்கும். சூடான் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகளைப் போல ஆரஞ்சுச் சிவப்பில் துளித்துளியாகத் தெரியும். என் பணிக்காலத்தில் அப்படி ஒன்று வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பத்தொன்பது வயது இளைஞன், எலும்பும் தோலுமாக இருந்தான்; அதே நாளில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. வயிற்றுப் படத்தில் கணையம் முழுவதும் கல். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில் மிகுதியாகக் காணப்பட்டு, 1960-களில் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்த கணையக் கல் நோய் அது: சிறு வயதில் வயிற்று வலி, இளமையில் நீரிழிவு, இடையில் கொழுப்பு மலம். அந்த இளைஞனின் தாய் சொன்னது "மிதக்குது" என்று அன்று. "எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டலை, எல்லாம் எண்ணெயாவே போகுது" என்றுதான் சொன்னார்.

05.02.2025

மிதக்கிறதா என்ற கேள்வியே வெஸ்டர்ன் கோப்பை வந்த பிறகு எழுந்த கேள்வி என்று இன்று நடைப்பயிற்சியின்போது தோன்றியது. குந்தி உட்காரும் நம் பழைய கழிவறையில் மலம் தட்டையான பீங்கானின் மேல், கண்ணுக்கு நேரே கிடக்கும். அதன் நிறம், கெட்டி, சீதம், இரத்தக் கோடு எல்லாம் வேண்டாம் என்றாலும் தெரியும். மிதக்குமா மூழ்குமா என்பது மட்டும் தெரியாது. வெஸ்டர்ன் கோப்பையில் இது தலைகீழ். விழுந்ததும் நீருக்குள் போய்விடுகிறது, எழுந்து திரும்புவதற்குள் விசையை அழுத்தியிருப்போம், தெரிவது மிதப்பது ஒன்றுதான். மூன்று சொட்டு இரத்தம் விழுந்தால் கோப்பை நீர் முழுவதும் சிவந்து, பார்ப்பவருக்கு அரை லிட்டர் போய்விட்டதைப் போல நெஞ்சு அடைக்கும்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பழைய வீடுகளில் கோப்பைக்குள் ஒரு தட்டு வைத்திருப்பார்கள். மலம் முதலில் அதன்மேல் தங்கி, தண்ணீர் விட்ட பிறகே உள்ளே போகும். அங்கே வேலை பார்க்கும் என் தங்கை மகன் முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்காகவே கட்டினது போல இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னான். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி ஆகியவற்றோடு மலமும் நீரும் இடம்பெற்றிருப்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். சிரித்தான்.

08.02.2025

"சரியான மலம் என்பது எப்படி இருக்க வேண்டும்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் கென்னத் ஹீட்டனும் உடன் பணியாற்றியவர்களும் வடிவத்தை வைத்து ஏழு வகையாகப் பிரித்தார்கள். லூயிஸும் ஹீட்டனும் 1997-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அது உலகம் முழுவதும் பரவியது. முதல் வகையைத் தமிழில் விளக்கவே வேண்டாம், ஆட்டுப் புழுக்கை. அந்தப் புழுக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் இரண்டாவது. மேலே வெடிப்பு விழுந்த உருளை மூன்றாவது, வழுவழுப்பான பழம் போன்றது நான்காவது. இந்த இரண்டும்தான் நல்லவை. ஐந்தாவது மென்மையான துண்டுகள், ஆறாவது கூழ், ஏழாவது வெறும் நீர்.

இந்தப் பட்டியலின் உண்மையான பயன், அது மலம் பெருங்குடலில் தங்கிய நேரத்தை ஓரளவு காட்டுகிறது என்பதே. பெருங்குடலின் வேலை நீரை உறிஞ்சுவது. அதிக நேரம் தங்கினால் புழுக்கை, விரைந்து ஓடினால் கூழ். நல்ல நிலையிலேயே மலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான். மீதியிலும் பெரும்பகுதி உயிருள்ளதும் இறந்ததுமான நுண்ணுயிரிகள். "நேற்றுச் சாப்பிட்டது இன்று வருகிறது" என்று சொல்வதில் முழு உண்மையில்லை. நாம் சாப்பிடாமல் கிடந்தாலும் ஏதோ கொஞ்சம் வரத்தான் செய்யும்.

எத்தனை மணி நேரம் ஆகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். வேகவைத்த மக்காச்சோளத்தைச் சரியாக மெல்லாமல் விழுங்கினால் அதன் தோல் அப்படியே வெளியே வரும், ஏனென்றால் அந்தத் தோலைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லை. முத்துமுத்தாகச் சோளம் வந்தது என்று பயந்து ஆய்வகத்துக்கு வந்தவர்களும் உண்டு. நான் பீட்ரூட் பொரியலை வைத்துப் பார்த்தேன். திங்கள் மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டேன், செவ்வாய் மாலை ஐந்தரைக்குச் சிவந்து வந்தது. 28 மணி நேரம்.

09.02.2025

பீட்ரூட்டை நான்தான் சாப்பிட்டேன், நான்தான் நேரம் குறித்தேன், இருந்தும் செவ்வாய் மாலை அந்தச் சிவப்பைப் பார்த்த கணத்தில் கை நடுங்கியது என்பதை நேற்று எழுதாமல் விட்டேன்.

10.02.2025

இன்று குடற்புழு நீக்க நாள். 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பென்டசோல் கொடுக்கிறார்கள். 400 மில்லிகிராம் மாத்திரை, இரண்டு வயதுக்குள் இருந்தால் பாதி. இந்தக் கேள்வி-பதில் இழைக்கு ஏன் இது என்றால், மலத்தில் புழுவைக் கண்ணால் பார்த்தால்தான் புழு இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நாக்குப்பூச்சி எப்போதாவது மண்புழுவைப் போல நீளமாக வெளியே வந்து வீட்டையே அலற வைக்கும். கொக்கிப்புழு அப்படி வெளியே வந்து நிற்காது. சிறுகுடல் சுவரைக் கடித்துக்கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் குடிக்கும். மலம் பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். முகம் மட்டும் வெளிறிக்கொண்டே போகும். நுண்ணோக்கியில்தான் அதன் முட்டை தெரியும்: மெல்லிய ஓடு, உள்ளே பெரும்பாலும் நான்கு உருண்டைகள், சுற்றிலும் தெளிந்த இடைவெளி. எனக்கு அது எப்போதும் அழகாகத்தான் தெரிந்தது. இதை வீட்டில் சொன்னால் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார்கள்.

கீரிப்பூச்சி இதற்கு நேர்மாறு. இரவில் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடுவதால் மலத்தைச் சோதித்தால் பெரும்பாலும் கிடைக்காது. விடியற்காலையில், குழந்தையைக் கழுவுவதற்கு முன், ஒட்டும் நாடாவை அங்கே ஒற்றியெடுத்துத் தகட்டில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். "மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் பிள்ளை இரவெல்லாம் சொறிகிறது" என்று வரும் தாய்மார்களிடம் இதைச் சொல்லியே பாதி வயது போயிற்று.

14.02.2025

நிறம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பழுப்பு நிறம் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. வயதான சிவப்பணுக்கள் உடைந்து பிலிரூபின் ஆகி, அது பித்தநீரோடு குடலுக்குள் இறங்கி, அங்கே நுண்ணுயிரிகளின் கையில் ஸ்டெர்கோபிலின் என்ற பழுப்பு நிறமியாக மாறுகிறது. குடல் விரைந்து ஓடினால் பித்தநீர் மாறுவதற்கு நேரமில்லாமல் பச்சையாகவே வந்துவிடும். குழந்தைகளுக்குப் பச்சையாகப் போனால் உடனே மாந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதையும் நினைக்கலாம். முருங்கைக்கீரை மிகுதியாகச் சாப்பிட்டாலும் பச்சைதான். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

15.02.2025, அதிகாலை 3 மணி

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதிய கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அதே வாக்கியத்தை 2011-இல் என் தாயாரிடம் நான் சொல்லியிருக்கிறேன். தந்தைக்கு அப்போது 71 வயது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே டைக்ளோஃபெனாக் வாங்கி, வெறும் வயிற்றிலும் போட்டுக்கொண்டு, ஏழெட்டு மாதம் ஓட்டியிருந்தார். மூச்சு வாங்குகிறது என்றதும் நானே இரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9 இருந்தது. தெருமுனை மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினார். ஏன் 9 ஆனது என்று அவரும் கேட்கவில்லை, நாள்தோறும் பத்துப் பேருக்கு அந்தக் கேள்வியை உண்டாக்கும் அறிக்கையில் கையெழுத்திட்ட நானும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அம்மா சொன்னார்: "உங்க அப்பாவுக்குக் கறுப்பா போகுதுப்பா." இரும்பு மாத்திரையால் அப்படித்தான் போகும் என்றேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் சொன்னார்: "ஒரு வாளித் தண்ணி ஊத்தினாலும் போகலை, தாரு மாதிரி ஒட்டிக்குது. வாடையும் ஒரு மாதிரியா இருக்கு." அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். மேல்வயிற்று இரத்தக்கசிவுக்குப் பாடநூலில் என்னென்ன அடையாளம் போட்டிருக்குமோ அத்தனையையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்திருந்தார். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "சரிம்மா" என்றேன்.

மறுநாள் காலை தந்தை கழிவறை வாசலில் மயங்கி விழுந்தார். ஹீமோகுளோபின் 5.8. உள்நோக்கிக் கருவியில் இரைப்பையில் புண், அதன் நடுவில் கசியும் குழாய். நான்கு பை இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார், அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் இருந்தார்.

இரும்பால் வரும் கறுப்பு, பச்சை கலந்த கறுப்பு, மலம் கெட்டியாக, மங்கலாக இருக்கும், வாடை மாறாது. இரத்தம் செரித்து வரும் கறுப்பு தாரைப் போல மினுங்கும், ஒட்டும், குழையும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். சிறிது தண்ணீர் விட்டால் ஓரத்தில் சிவப்புக் கசியும். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ 50 முதல் 100 மில்லி கசிந்தாலே மலம் இப்படிக் கறுக்கும். இரும்பு மாத்திரை சாப்பிடுபவருக்குப் புண் வராது என்று சட்டமில்லை. எதற்காக இரும்பு மாத்திரை கொடுத்தார்களோ அதற்கே அந்தப் புண் காரணமாக இருக்கலாம். தார் போலப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது.

19.02.2025

சிவப்புக்கு வருவோம். "எனக்கு மூலம், அதனால் இரத்தம் வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டேன். "நாங்களாகவே தெரிந்துகொண்டோம்" என்கிறார். மூலம் இருந்தால் இரத்தம் பெரும்பாலும் மலத்தோடு கலக்காமல் மேலே பூசியோ, முடிவில் சொட்டியோ வரும்; வலி இராது. ஆசனவாயில் வெடிப்பு என்றால் பிளேடால் கீறுவது போன்ற வலி. இவையே மிகப் பொதுவான காரணங்கள் என்பதும் உண்மை. ஆனால் மலக்குடல் புற்றும் அதே சிவப்பில்தான் இரத்தம் விடும், ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கக் கூடாது என்று உடம்பு எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஓர் ஆசிரியர் ஓராண்டு முழுவதும் கருணைக்கிழங்கும் களிம்புமாக மூலத்துக்கு வைத்தியம் பார்த்தார். மலம் கழித்த பிறகும் இன்னும் இருப்பது போன்ற உணர்வு தீரவில்லை என்று இடையிடையே சொல்லிக்கொண்டும் இருந்தார். கடைசியில் விரலை விட்டுப் பார்த்த மருத்துவருக்கு ஒரே நிமிடத்தில் கட்டி தட்டுப்பட்டது. விரல் பரிசோதனைக்கு வெட்கப்பட்டதுதான் அந்த ஓராண்டு.

வலப்பக்கப் பெருங்குடலில் வரும் கட்டியோ சிவப்பாகக்கூடக் காட்டாது. கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து, சோகையாக மட்டும் வெளிப்படும். அதற்குத்தான் மறைந்த இரத்தத்தைத் தேடும் சோதனை. நான் சேர்ந்த காலத்தில் பென்சிடின் போடுவோம், நீலம் பூத்தால் இரத்தம். மூன்று நாள் இறைச்சி சாப்பிடாதீர்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும், முதல் நாள் இரவு குடல் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவார்கள், எல்லாம் நீலமாக இருக்கும். பென்சிடினே புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள் என்பதால் அதைக் கைவிட்டார்கள். புற்றைத் தேடும் சோதனையில் அதையே கையால் அள்ளிக் கலந்தோம் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. இப்போது மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் சோதனை இருக்கிறது. அதற்குப் பத்தியம் தேவையில்லை. அமெரிக்காவில் 2021 முதல், தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும், 45 வயதிலேயே பெருங்குடல் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். கேள்வி கேட்ட நண்பருக்கு 46.

22.02.2025

மாதிரி எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டவருக்கு. அகன்ற வாயுள்ள, மூடியில் சிறு கரண்டி வைத்த பிளாஸ்டிக் டப்பா ஆய்வகத்திலேயே கொடுப்பார்கள். சுண்டைக்காய் அளவு போதும். சிறுநீரோ கழிவறைத் தண்ணீரோ கலக்கக் கூடாது. சீதமோ இரத்தமோ இருந்தால் அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும். நல்ல இடமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பது நம்மவர்களின் மரியாதை உணர்வு, ஆனால் அமீபா இருப்பது சீதத்தில்தான். நீராகப் போகிறது என்றால் அரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். உயிரோடு இருக்கும்போதுதான் அமீபா கால் நீட்டி நகர்வது தெரியும், சிவப்பணுவை விழுங்கி வைத்திருப்பதும் தெரியும். ஆறிப்போனால் வெறும் புள்ளி. தீப்பெட்டியிலும் தைலப் புட்டியிலும் எனக்கு மாதிரி வந்திருக்கிறது. ஒரு பெரியவர் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன்.

1992 இறுதியில் மதுரையில் நான் இளநிலைப் பணியில் இருந்தபோது வந்த மாதிரிகளுக்கு மட்டும் டப்பா பற்றி யாரும் பேசவில்லை. அரிசி களைந்த கழுநீர் போலவே இருந்தது. மலம் என்று சொல்வதற்கு அதில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஒரு துளியைத் தகட்டின் அடியில் தொங்கவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமிகள் எரிகற்களைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. பார்வைக்குக் காலரா. ஆனால் அந்த நாள் வரை காலராக் கிருமிகளைத் திரளச் செய்து நோயை உறுதிசெய்யப் பயன்படுத்திய ஓ1 எதிர்ச்சீரத்தைச் சேர்த்தால் கிருமிகள் திரளவே இல்லை. சீரம் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு புட்டி வாங்கி வரச் சொன்னார் எங்கள் மூத்தவர். அதுவும் திரளவில்லை. சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் தலைகாட்டிக் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போன அந்தப் புதிய வகைக்கு ஓ139 என்று பிறகு எண் கொடுத்தார்கள். எண் தெரியாத அந்த வாரங்களிலும் உயிரைக் காப்பாற்றியது உப்புச் சர்க்கரைக் கரைசலும் சிரைவழி நீரும்தான். குழந்தைக்கு நீராகப் போகும்போது என்ன கிருமி என்று அறிக்கை வரும்வரை காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: முதலில் கரைசல், அறிக்கை பிறகு.

01.03.2025

வெள்ளை நிறத்தை விட்டுவிட்டேன் என்று சரியாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலம் களிமண்ணைப் போல, சுண்ணாம்பு கலந்த சாம்பலைப் போல வெளிறிப்போகும். வழி அடைபட்ட நிறமி இரத்தத்துக்குத் திரும்புவதால் சிறுநீர் கறுத்த தேநீராகும், உடம்பெல்லாம் அரிக்கும், கண் மஞ்சளாகும். பித்தக்குழாயில் கல்லோ கணையத் தலையில் கட்டியோ இருக்கலாம். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டே நாளைக் கடத்துவது இந்த அடைப்பு வகைக் காமாலையில்தான் மிகவும் ஆபத்தானது.

பச்சிளங்குழந்தையாக இருந்தால் நாள் கணக்கு இன்னும் கறாரானது. பித்தக்குழாயே உருவாகாமல் அடைந்துபோகும் பிறவி நோய் ஒன்று உண்டு. ஜப்பானைச் சேர்ந்த மொரியோ கசாய் 1950-களில் கண்டறிந்த அறுவையை ஏறக்குறைய 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். தைவானில் 2004 முதல் குழந்தை பிறந்த எல்லா வீட்டுக்கும் மல நிற அட்டை ஒன்றைக் கொடுத்து, தாயே ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறிய படத்தோடு பொருந்தினால் உடனே தெரிவிக்கச் செய்தார்கள். என் பேத்தி பிறந்தபோது நான் அட்டை இல்லாமலேயே நாள்தோறும் அணையாடையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாள் கரும்பச்சைக் காட்டுப்பீ, பிறகு கடுகு மஞ்சள். மருமகள் மாமியாரிடம் "மாமாவுக்கு இதே வேலையா" என்று கேட்டாளாம். பதினான்கு நாளைத் தாண்டியும் குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தால் வெயிலில் காட்டினால் சரியாகும் என்று விடாமல், இரத்தத்தில் நேரடி பிலிரூபின் (பித்த அடைப்பில் உயரும் வகை) பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லி வைத்தேன்.

04.03.2025

எத்தனை முறை போக வேண்டும் என்ற கேள்விக்குச் சுருக்கமாக: நாளுக்கு மூன்று முதல் வாரத்துக்கு மூன்று வரை எதுவும் வழக்கமாக இருக்கலாம். காலையில் போகாவிட்டால் நாளே கெட்டுவிட்டது என்று பேதியாக்கும் நிலாவரையை நாள்தோறும் குடிப்பவர்களைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை முக்காமல் போகிறவர் நலமாக இருக்கிறார். கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, மாற்றத்தை. அதிலும் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதியை. எரிச்சல் குடல் (ஐ.பி.எஸ்.) உள்ளவருக்குக் காலையில் நான்கு முறை போகும், சீதமும் போகும், பரீட்சை அன்று ஆறு முறையும் போகும், ஆனால் இரவில் பெரும்பாலும் தூங்கவிடும். நள்ளிரவில் எழுப்பும் பேதி, தானாகக் குறையும் எடை, சோகை, இரத்தம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதைப் பதற்றம் என்று சொல்லி ஒதுக்கக் கூடாது.

மலம் பென்சில் போல மெலிந்து வந்தால் புற்றா என்று கேட்பவர்கள் மிகுதி. தளர்ந்த மலம் யாருக்கும் மெலிந்துதான் வரும். வாரக்கணக்கில் மாறாமல் மெலிந்தே வந்து, மேலே சொன்னவற்றில் ஏதேனும் சேர்ந்தால் காட்ட வேண்டும்.

11.03.2025

கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். எடை 72 கிலோ, ஆறு மாதமாக மாறவில்லை. எண்ணெய்ப் படலம் இல்லை. டிசம்பரில் மருத்துவரின் பேச்சைக் கேட்டு இரவு உணவை விட்டுவிட்டு, அதற்குப் பதில் இரண்டு பெரிய டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையும் எடுத்துக்கொண்டாராம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த இழை ஐந்து வரியில் முடிந்திருக்கும். நம் பக்கத்தில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் சர்க்கரையும் கடலை மாவுச்சத்தும் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு விருந்து, விருந்தின் மிச்சம் வாயு. பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன்.

24.03.2025

பாலை நிறுத்திப் பத்து நாள் ஆயிற்றாம். மலம் மூழ்குகிறது. நேற்று இரவு எழுதியிருக்கிறார்: ஆயுர்வேதக் காணொளியின்படி இது ஆமம் அல்லவா, இதற்கு என்ன செய்வது?

மறைந்த இரத்தச் சோதனைக்கு டப்பா வாங்கினீர்களா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.